ஓதமும் ப்ரோதமும்: நெசவுச் சொல் ஒன்றின் பொருளும் பிறப்பும்

பிருஹதாரண்யக உபநிஷத்தின் 3ஆம் அத்யாயத்தில், ஜனகருடைய யாகசாலையில் கூடிய ஸதஸ்ஸில், வாசக்நவீ என்னும் கார்கி யாஜ்ஞவல்க்யரை இருமுறை எதிர்கொள்கிறாள். 6ஆம் ப்ராஹ்மணத்தில் ஒருமுறை, 8ஆம் ப்ராஹ்மணத்தில் மறுமுறை. இரண்டு இடத்திலும் அவள் கேள்வியைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு சொல் இணை: ஓதம், ப்ரோதம். இவையனைத்தும் நீரில் ஓதமாகவும் ப்ரோதமாகவும் இருக்கின்றன எனில், நீர் எதில் அவ்வாறு இருக்கிறது என்று அவள் தொடங்குகிறாள். நீர் வாயுவில், வாயு அந்தரிக்ஷ லோகங்களில், அதன்மேல் கந்தர்வர், ஆதித்யர், சந்த்ரன், நக்ஷத்ரங்கள், தேவர், இந்த்ரன், ப்ரஜாபதி, ப்ரஹ்மா என்று 9 லோகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதற்கும் மேலே கேட்க முற்பட்டபோது, வினாவுக்கு உரிய எல்லையைக் கடவாதே என்று யாஜ்ஞவல்க்யர் தடுத்துவிடுகிறார்.

காலக்ஷேப கோஷ்டிகளில் இந்தச் சொல்லிணையைத் தமிழில் சொல்ல வேண்டிவரும்போது, ‘ஊடும் பாவுமாக’ என்றே நம் பெரியோர் சொல்லிவந்திருக்கின்றனர். கேட்பவர்க்கு அது உடனே விளங்கும். ஆனால் இவ்விரண்டில் எது ஊடு, எது பாவு என்று ஒரு சிஷ்யன் கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. கேள்வி அற்பமானதும் அன்று. ஜகத்து பரமாத்மாவில் எவ்வாறு நிற்கிறது என்பதை ச்ருதி நெசவைக் கொண்டு சொல்லியிருக்கும்போது, அந்நெசவில் தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பது ஆதாரம், ஆதேயம் என்ற நம் ஸித்தாந்த விசாரத்தோடு நேரே தொடர்புடையது. ஆகவே அந்தச் சொற்களின் பிறப்பையும் வழக்கையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘ஓதம்’ என்று வேறு ஒரு சொல் உண்டு. கடல், அலை, வெள்ளம் என்பன அதன் பொருள். ஆழ்வார்களின் அருளிச்செயலில் பழகிய காதுக்கு அதுவே முன்னே வந்து நிற்கும். கார்கியின் கேள்வி நீரிலிருந்து தொடங்குவதால், இந்த ஓதத்தையும் அந்த ஓதத்தையும் ஒன்றாக்கி ரஸமாகப் பேசிவிடுபவரும் உளர். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

வடமொழி ஓதம் ‘வேஞ்’ என்னும் தாதுவில் பிறந்தது. நூல்களை விரித்து இணைத்தல் என்று தாதுபாடம் அதற்குப் பொருள் கூறுகிறது. இத்தாது யஜாதி கணத்தைச் சேர்ந்ததாகையால், ‘க்த’ ப்ரத்யயம் வரும்போது பாணினி முனிவரின் 6.1.15ஆம் ஸூத்ரத்தால் ஸம்ப்ரஸாரணம் பெற்று ‘உத’ என்று ஆகும். அதன்முன் ‘ஆங்’ என்ற உபஸர்க்கம் வந்தால், ஆ, உ இரண்டும் குணஸந்தியால் ஓகாரமாகி ‘ஓத’. ‘ப்ர’ வந்தால் ‘ப்ரோத’. ஆக இரண்டும் ஒரே தாதுவில் பிறந்த உடன்பிறப்புகள். வேறுபாடு முழுவதும் உபஸர்க்கத்தில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதுவே நமக்குத் துணை செய்யப் போகிறது.

சங்கரர் 6ஆம் ப்ராஹ்மண பாஷ்யத்தில் இச்சொற்களுக்கு எழுதும் பொருளைப் பார்ப்போம். துணியின் நீளவாட்டு இழைபோல் இருப்பது ஓதம். குறுக்கிழைபோல் இருப்பது ப்ரோதம் என்கிறார். அதனோடு நிறுத்தாமல், இதை மாற்றியும் கொள்ளலாம் என்று ஒரு விகல்பத்தையும் சேர்த்துவிடுகிறார். உள்ளும் புறமும் எங்கும் வ்யாபிக்கப்பட்டது என்பதே கருத்து என்று முடிக்கிறார். சொற்பொருளில் இவ்வளவு கூர்மையுள்ள ஒருவர், பாவையும் ஊடையையும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? சிலர் இதை அலட்சியம் என்பர். அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் முன்னே இரண்டு ப்ரமாணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றிருக்க வேண்டும். அவை எவை என்று வேதத்திலேயே தேடலாம்.

க்ருஷ்ண யஜுர்வேதிகள் அனைவரும் அறிந்த இடம் தைத்திரீய ஸம்ஹிதையின் 6ஆம் காண்டத் தொடக்கம். ஸோமயாகத்தில் தீக்ஷிதனாகும் யஜமானன் வஸ்த்ரம் உடுத்துகிறான். அந்த வஸ்த்ரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு தேவதைக்கு உரியது என்று அங்கே ஒரு பங்கீடு செய்யப்படுகிறது. ஓர் உறுப்பு அக்நிக்கு, ஒன்று வாயுவுக்கு, நீவி எனப்படும் கொசுவப் பகுதி பித்ருக்களுக்கு, ஒன்று ஓஷதிகளுக்கு என்று வந்து, நெசவின் மூன்று பகுதிகளைச் சொல்கிறது. ‘ப்ராசீனதானம்’ ஆதித்யர்களுக்கு, ‘ஓது’ விச்வேதேவர்களுக்கு, ‘அதீகாசம்’ நக்ஷத்ரங்களுக்கு. ப்ராசீனதானம் என்பது முன்னோக்கி நீட்டப்பட்டது, அதாவது பாவு. அதீகாசம் என்பது இழைகளுக்கு இடையே ஒளி புகும் கண்கள். ஒரு மெல்லிய வேஷ்டியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர் எவருக்கும், அந்தக் கண்களை நக்ஷத்ரங்களுக்குக் கொடுத்ததன் நேர்த்தி விளங்கும். எஞ்சி நிற்கும் ‘ஓது’ ஊடை என்பதில் ஐயமில்லை.

ருக்வேதம் 6ஆம் மண்டலத்தின் 9ஆம் ஸூக்தத்திலும் தந்து, ஓது என்ற இணை வருகிறது. வைச்வாநர அக்நியைப் பாடும் ரிஷி, அங்கே தந்துவையும் அறியேன், ஓதுவையும் அறியேன் என்று நெசவு அறியாத இளைஞன்போல் பேசுகிறார். அங்கும் தந்து பாவு, ஓது ஊடை.

இப்போது முரண் தெரிகிறது. ஓது ஊடையானால், அதே ஒலியுடைய ஓதமும் ஊடையாக அன்றோ இருக்க வேண்டும்? ஓதத்தை நீளவாட்டு இழை என்றால் வேத வழக்கோடு பொருந்தாது. ப்ரோதமோ ஊடுருவிச் செல்வதைக் குறிக்கும் சொல்லாகப் பிற்காலத்தில் நிலைத்துவிட்டது. சூலத்தில் ஏற்றப்பட்டவனைச் சூலப்ரோதன் என்பர். மணிகள் நூலில் கோக்கப்பட்டதையும் ப்ரோதம் என்பர். ஊடுருவிச் செல்வது ஊடையே. ஓதமும் ஊடை, ப்ரோதமும் ஊடை என்றால் பாவு எங்கே? மாற்றியும் கொள்ளலாம் என்ற விகல்பத்தின் பின்னணி இதுவே என்று கருதுகிறேன்.

ஓதுவுக்கும் ஓதத்துக்கும் உள்ள ஒலி ஒற்றுமையை முதலில் நீக்கிவிட வேண்டும். ‘ஓது’ என்ற பெயரில் ஆங் உபஸர்க்கம் இல்லை. அதன் ஓகாரம் தாதுவுக்கே சொந்தமானது. இதற்கு வேதமே சாட்சி. ருக்வேதம் 10ஆம் மண்டலத்தின் 130ஆம் ஸூக்தத்தில், யஜ்ஞத்தை ஒரு நெசவாக வர்ணிக்கும் இடத்தில், ஸாமங்களை நாடாக்களாக ஆக்கினர், நெய்வதற்காக என்ற கருத்து வருகிறது. ‘நெய்வதற்காக’ என்பதற்கு அங்குள்ள சொல் ‘ஓதவே’. இதே கருத்து அதர்வ வேதம் 10ஆம் காண்டத்தின் ஸ்கம்ப ஸூக்தத்தில் வரும்போது அவ்விடத்தில் ‘வாதவே’ என்று இருக்கிறது. ஒன்றில் ஓ, மற்றதில் வா. இரண்டும் ஒரே தாதுவின் இரண்டு வடிவங்கள். உபஸர்க்கமாக இருந்தால் இப்படி மாற இடமில்லை. ஆகவே ஓது வேறு, ஓதம் வேறு. தாது ஒன்றே ஆனாலும் ஆக்கம் வேறு.

(லௌகிக ஸம்ஸ்க்ருதத்தில் ‘ஓது’ என்பதற்குப் பூனை என்று பொருள். அமரகோசம் அதைத்தான் சொல்கிறது. வையாகரணர்கள் பருத்த பூனையை உதாரணமாக வைத்து அதற்கு ஸந்தி விகல்பமும் காட்டுகின்றனர். அமரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு ஸம்ஹிதையைத் திறக்கும் பிள்ளைக்கு, விச்வேதேவர்களுக்கு வஸ்த்ரத்தில் ஒரு பூனை கொடுக்கப்பட்டதாகத் தோன்றும். வேதப் பொருளுக்குக் கோசம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.)

அடுத்தபடியாகத் தாதுக்களின் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். வைதிக வழக்கில் பாவைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் ‘தனு’ என்ற தாதுவில் பிறந்தவை: தந்து, தானம், ஆதானம், தந்த்ரம். விரித்தல், நீட்டல் என்பது அதன் பொருள். ஊடையைக் குறிப்பவை வேஞ் தாதுவில் பிறந்தவை: ஓது, வாயம். ஐதரேய ப்ராஹ்மணம் 8ஆம் பஞ்சிகையில் இந்த்ரனுடைய ஆஸனத்தை வர்ணிக்கும்போது, ருக்குகள் அதன் ப்ராசீனாதானம், ஸாமங்கள் அதன் ‘திரச்சீனவாயம்’, யஜுஸ்ஸுகள் அதீகாசம் என்று சொல்கிறது. நீளவாட்டுக்குத் தனு, குறுக்குவாட்டுக்கு வேஞ். பாவு நீட்டப்படுகிறது, ஊடை நெய்யப்படுகிறது. நம் தமிழும் இப்படியே பகுத்திருக்கிறது. பா என்பது பாவுதல், பரவுதல். ஊடை என்பது ஊடே செல்வது. இரண்டு மொழிகளும் பொருளைப் பாராமல் செயலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. நூல் இரண்டும் ஒரே பஞ்சாக இருந்தாலும், தறியில் ஏறியபின் ஒன்று நிற்கிறது, மற்றது செல்கிறது.

ஐதரேயத்தின் இந்த ஆஸன வர்ணனைக்கு இணையானது கௌஷீதகி உபநிஷத்தின் பர்யங்கவித்யை. அர்ச்சிராதி மார்க்கத்தை அநுஸந்திக்கும் நம்மவர் எவரும் அதை மறவார். அங்கே பர்யங்கத்தின் நீளவாட்டுக் கயிறுகள் ருக்கும் ஸாமமும், குறுக்கே செல்பவை யஜுஸ்ஸுகள், ஸ்ரீயே தலையணை. கட்டிலின் பின்னலைச் சொல்ல வந்த இடத்திலும் நெசவுச் சொல்லே கையாளப்பட்டிருக்கிறது. முக்தன் சென்று ஏறும் இடத்தில் வேதமே பாவும் ஊடையுமாக விரிந்திருக்கிறது என்பதை அநுபவிப்பவர்க்குச் சொல் ஆராய்ச்சி வறண்டதாகத் தோன்றாது.

தந்த்ரம் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது. பாஞ்சராத்ர ஸம்ஹிதைகளைத் தந்த்ரம் என்று வழங்குகிறோம். ஒரு சாஸ்த்ரத்தையே தந்த்ரம் என்கிறோம். பல கர்மங்களுக்குப் பொதுவாக ஒருமுறை செய்யும் அநுஷ்டாநத்தைத் தந்த்ரம் என்று மீமாம்ஸகர் 11ஆம் அத்யாயம் முழுவதும் விசாரிக்கின்றனர். ஆனால் பாணினி முனிவருக்கு அது தறி. 5.2.70ஆம் ஸூத்ரத்தில், தறியிலிருந்து சற்றுமுன் எடுக்கப்பட்ட துணிக்கு ‘தந்த்ரகம்’ என்று பெயர் வகுக்கிறார். 5.4.160இல் ‘நிஷ்ப்ரவாணி’ என்ற இன்னொரு சொல். ப்ரவாணி என்பது நெய்பவனின் கைக்கோல். அது அப்போதுதான் நீங்கிய துணி நிஷ்ப்ரவாணி. அமரகோசம் இவ்விரண்டையும் ‘அநாஹதம்’ என்பதோடு சேர்த்துப் புதுத்துணிக்குப் பெயராக்கியது. வண்ணான் கல்லில் அடிபடாதது அநாஹதம். க்ருஹ்ய கர்மங்களில் அஹத வஸ்த்ரம் என்று சொல்வதும், எம்பெருமானுக்குச் சாத்தும் புதுவஸ்த்ரத்தில் நாம் பார்க்கும் சுத்தியும் இந்த மரபைச் சேர்ந்தவை. ஒரு பாவு பல ஊடைகளுக்குப் பொதுவாக நிற்பதுபோல் ஒரே அநுஷ்டாநம் பல கர்மங்களுக்குப் பொதுவாக நிற்கிறது என்று பார்த்தால், மீமாம்ஸகரின் தந்த்ரமும் தறியைவிட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

தமிழில் நூல் என்ற சொல்லும் இப்படியே இழையாகவும் சாஸ்த்ரமாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே உவமை நெசவன்று, நூற்பு. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகிக்கிறார். ஸூத்ரம் நூற்பில் நிற்கிறது, தந்த்ரம் தறியில் நிற்கிறது. அவ்வளவோடு இதை விட்டுவிட்டு நம் கேள்விக்குத் திரும்புவோம்.

ஓதமும் ப்ரோதமும் இரண்டுமே வேஞ் தாதுவில் பிறந்தவை என்று முன்னே சொன்னோம். தனுவில் பிறந்த ஒன்றும் இந்த இணையில் இல்லை. அப்படியானால் இவற்றுள் ஒன்று பாவு, மற்றது ஊடை என்று பிரிக்கவே இடமில்லை என்பது என் துணிபு. இரண்டும் ஊடையின் செயலையே சொல்கின்றன. ‘ஆ’ இங்கே வருவது. ‘ப்ர’ முன்னே போவது. நாடா இப்பக்கம் வருகிறது, அப்பக்கம் போகிறது. வந்து நெய்தது ஓதம். போய் நெய்தது ப்ரோதம்.

இது வெறும் ஊகம் அன்று. சற்றுமுன் சொன்ன 10.130ஆம் ஸூக்தத்தின் முதல் மந்த்ரத்திலேயே இதே தாதுவுக்கு ‘ப்ர’ என்ற உபஸர்க்கமும் ‘அப’ என்ற உபஸர்க்கமும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னே நெய், பின்னே நெய் என்று பித்ருக்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். எங்கே அமர்ந்திருக்கின்றனர்? ‘தத’த்தின் அருகில், அதாவது விரித்து நீட்டப்பட்ட பாவின் அருகில். தனு தாது பாவுக்கும், வேஞ் தாது போக்கு வரவுக்கும் ஒரே மந்த்ரத்தில் பங்கிடப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அடியேனுடைய தகப்பனார் பிருஹதாரண்யகத்தில் இந்த ப்ராஹ்மணத்தைத் தொடங்குவதற்கு முன்பு, ஊரின் நெசவுத் தெருவுக்கு என்னை அழைத்துச் சென்று ஒரு குழித்தறியின் அருகில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார வைத்தார். அப்போது எனக்குப் பதினான்கு வயதிருக்கும். நெய்பவர் மிதியை அழுத்தப் பாவு இரண்டாகப் பிளந்து வாய் திறக்கும். வலக்கையிலிருந்து நாடா புறப்பட்டு இடக்கைக்குப் போகும். பண்ணையை ஒருமுறை அடித்துவிட்டு மறுமிதியை அழுத்த, நாடா இடக்கையிலிருந்து திரும்பி வரும். தகப்பனார் ஒன்றும் விளக்கவில்லை. தெருவில் விடியற்காலையில் நீளமாகப் பாவு நீட்டிக் கஞ்சியிட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்து நான் ஏதோ கேட்க, தறியில் இருந்த முதியவர்தாம் விடை சொன்னார்: “பாவு நின்னாத்தான் சாமி ஊடைக்கு வேலை. ஊடை அறுந்தா ஒரு முடிச்சு. பாவு போச்சுன்னா தறியே போச்சு.” ஓதம் என்ற சொல்லை மறுநாள் படித்தபோது அந்த முதியவருடைய பேச்சுதான் பாஷ்யமாக நின்றது.

இப்படிக் கொண்டால் கார்கியின் வாக்யத்தில் உள்ள ஏழாம் வேற்றுமைக்குப் பொருள் நன்றாக அமைகிறது. ‘எதில்’ ஓதம், ‘எதில்’ ப்ரோதம் என்று அவள் கேட்கிறாள். எதில் நெய்யப்படுகிறதோ அது பாவு. நெய்யப்படுவது ஊடை. நீரில் நெய்யப்பட்ட இவையனைத்தும் ஊடை, நீர் பாவு; அடுத்த படியில் நீரே ஊடையாகிறது, வாயு பாவாகிறது. ஒவ்வொரு படியிலும் முன்பு தாங்கியது தாங்கப்படுவதாகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எதிலும் ஊடையாகாமல் பாவாகவே நிற்பது எது என்பதுதான் அவள் தேடுவது. 6ஆம் ப்ராஹ்மணத்தில் தடுக்கப்பட்ட அந்தக் கேள்வியை, 8ஆம் ப்ராஹ்மணத்தில் ஸபையின் அநுமதி பெற்று, இரண்டு அம்புகளோடு எழும் வீரனைப்போல் எழுந்து மறுபடி கேட்கிறாள். த்யுலோகத்துக்கு மேலும் ப்ருதிவிக்குக் கீழும் இடையிலும் உள்ளவை, முக்காலத்தவை யாவும் எதில் நெய்யப்பட்டன? ஆகாசத்தில். ஆகாசம் எதில்? அக்ஷரத்தில். வேதத்தில் நெய்பவராகப் பலவிடத்தும் பெண்டிரே வருகின்றனர். ஸ்கம்ப ஸூக்தத்தில் ஆறு முளைகளின்மேல் பாவு விரித்து நெய்யும் இரு யுவதிகளை நினைக்கலாம். அந்த ஸதஸ்ஸில் தறியின் சொல்லை எடுத்துவந்தவளும் ஒரு பெண்ணாக இருந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் அக்ஷராதிகரணத்தில் செய்யும் நிர்ணயம் பெரிதும் பொருந்துகிறது. இங்குள்ள ஆகாசம் வாயுவோடு கூடிய பூதாகாசமன்று. முக்கால விகாரங்கள் யாவும் அதில் நெய்யப்பட்டதாகச் சொல்லப்படுவதால், அது ஆகாசத்துக்கும் அந்தமான அவ்யாக்ருதம், ஸூக்ஷ்ம ப்ரக்ருதி. அதையும் தரிப்பது அக்ஷரம். ஆகவே அக்ஷரம் ப்ரதானமன்று. ஸூத்ரகாரர் இங்கே ‘த்ருதி’ என்ற சொல்லைத் தேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நெய்தலைத் தரித்தலாக அவர் மொழிபெயர்த்துவிட்டார். பாவு ஊடையைத் தரிக்கிறது என்று கொண்டால்தான் இந்த மொழிபெயர்ப்பு நேராகிறது. ஓதம் பாவு, ப்ரோதம் ஊடை, இரண்டும் ஜகத்தே என்று கொண்டால் அக்ஷரத்துக்கு என்ன இடம் எஞ்சும்? தறிமரத்தின் இடம்தான், துணியோடு ஒட்டாத ஒரு மரச்சட்டம்.

முண்டகோபநிஷத்திலும் இது சரியாக வருகிறது. த்யுலோகம், ப்ருதிவி, அந்தரிக்ஷம், ப்ராணங்களோடு மனம் ஆகியவை எதில் ‘ஓதம்’ ஆகின்றனவோ அந்த ஒன்றை ஆத்மாவாக அறியுங்கள் என்ற உபதேசத்தில் ப்ரோதம் இல்லை. ஓதம் தனியே நிற்கிறது. சங்கரரும் அங்கே இழைகளைப் பற்றிப் பேசாமல், ஸமர்ப்பிக்கப்பட்டது என்று மட்டும் பொருள் கூறுகிறார். அதை விசாரிக்கும் அதிகரணத்தில் ஸூத்ரகாரர் ‘ஆயதநம்’ என்கிறார். அங்கும் தாங்குமிடமே கருத்து.

ஓர் ஆக்ஷேபம் எழலாம். பாவும் நூல், ஊடையும் நூல். அப்படியானால் சேதநாசேதநங்களும் ப்ரஹ்மமும் ஒரே ஸ்வரூபம் என்று இந்த உவமை சொல்லிவிடாதா? உவமை ஓரம்சத்தில்தான் கொள்ளத்தக்கது என்று பொதுவாகச் சமாதானம் சொல்லலாம். ஆனால் உபநிஷத்தே இதற்குச் சமாதானம் வைத்திருக்கிறது. கார்கியின் இரண்டு நெசவுக் கேள்விகளுக்கு நடுவே, 7ஆம் ப்ராஹ்மணமாக, உத்தாலகரின் கேள்வி வருகிறது. அவர் கேட்பது தறியைப் பற்றியன்று. இவ்வுலகமும் அவ்வுலகமும் எல்லா பூதங்களும் எந்த ஸூத்ரத்தால் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று மாலையைக் கொண்டு கேட்கிறார். மாலையில் நூல் வேறு, மணி வேறு. அதற்கு விடையாக வாயுவைச் சொல்லி, அதைத் தொடர்ந்து அந்தர்யாமியைச் சொல்லி, ப்ருதிவி முதல் ஆத்மா வரை எல்லாவற்றையும் அவனுக்கு சரீரம் என்று ச்ருதி சொல்கிறது. நம் தர்சனத்துக்கு உயிர்நிலையான இந்த ப்ராஹ்மணம், முன்னும் பின்னும் நெசவு இருக்க நடுவில் அமைந்திருப்பது தற்செயலாகுமா?

கீதையின் 7ஆம் அத்யாயம், 7ஆம் ச்லோகத்தில் இவ்விரு ஓட்டங்களும் ஒன்று சேர்கின்றன. கார்கியிடமிருந்து ‘ப்ரோதம்’; உத்தாலகரிடமிருந்து ‘ஸூத்ரம்’; இடையே மணிக் கூட்டங்கள். முண்டகம் ஓதத்தைத் தனியே எடுத்துக்கொண்டது. கீதை ப்ரோதத்தைத் தனியே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட இடத்தில் அச்சொல் நெசவிலிருந்து நழுவிக் கோவையாகிவிட்டது. பிற்கால வழக்கில் ப்ரோதம் என்றால் கோக்கப்பட்டது என்றே பொருளானதற்கு இந்தப் பெயர்ச்சி பெரிய காரணம். கீதாபாஷ்யத்தில் எம்பெருமானார் இவ்விடத்துக்கு அந்தர்யாமி ப்ராஹ்மண வாக்யங்களையே எடுத்துக்காட்டி, காரியத்திலும் காரணத்திலும் சேதநாசேதநங்கள் தனக்கு சரீரமாய்த் தன்னை ஆச்ரயித்து நிற்கின்றன என்று அருளிச்செய்கிறார். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், அந்த ச்லோகத்துக்கு அந்த ப்ராஹ்மணத்தைவிட நெருங்கிய உறவு வேறில்லை.

துணி உவமையை எம்பெருமானார் எவ்வளவு நேராகப் பார்த்தார் என்பதற்கு இன்னோர் இடம் ஆரம்பணாதிகரணம். ‘படம் போல’ என்ற பொருளுடைய ஸூத்ரம் அங்கே உண்டு. சங்கரர் சுருட்டி வைத்த துணியையும் பிரித்து விரித்த துணியையும் கொண்டு அதை முதலில் விளக்குகிறார். துணி முன்பே நெய்து முடிந்துவிட்டது; பெட்டியில் இருக்கிறதா, கொடியில் இருக்கிறதா என்பதே வேறுபாடு. எம்பெருமானார் அந்த ஸூத்ரத்துக்குத் தறியருகே போகிறார். நூல்களே ஒருவகைக் குறுக்குப் பிணைப்பை அடைந்து, படம் என்ற வேறு பெயரையும் வேறு உருவையும் வேறு காரியத்தையும் பெறுகின்றன. ப்ரஹ்மமும் அவ்வாறே என்கிறார். நூல்களைவிட வேறாக அவயவி என்று ஒரு புதுப்பொருள் பிறப்பதாகச் சொல்லும் நையாயிகருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நூல் எங்கும் போய்விடவில்லை. பிணைப்பு என்ற அவஸ்தை வந்திருக்கிறது. அந்த அவஸ்தை மெய்யானது. அதனால்தான் நூற்கண்டைக் கொண்டு குளிர் காக்க முடியாது, வஸ்த்ரத்தைக் கொண்டு முடியும்.

இனி ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவு தாங்குகிறது என்றோம். பாவு தானே எப்படி நிற்கிறது? முளைகளால். தரையில் அறைந்த முளைகள் இருபுறமும் இழுத்துப் பிடித்தாலன்றிப் பாவு தொய்ந்து சிக்காகிவிடும். அந்த முளைக்கு வேதத்தில் பெயர் ‘மயூகம்’. காவ்யங்களில் இது கிரணத்துக்குப் பெயராகிவிட்டதால், வேதத்தில் வரும்போதும் கிரணம் என்றே மனம் ஓடும். ஆனால் 10.130ஆம் ஸூக்தத்திலும் ஸ்கம்ப ஸூக்தத்திலும் அது தறிமுளை. ஸ்கம்ப ஸூக்தம் அந்த மயூகங்கள் த்யுலோகத்தைத் தாங்கி நிறுத்தின என்றும் சொல்கிறது.

இச்சொல் விஷ்ணு ஸூக்தம் ஒன்றிலும் வருகிறது. ருக்வேதம் 7ஆம் மண்டலத்தின் 99ஆம் ஸூக்தம், 3ஆவது மந்த்ரம். தைத்திரீய ஸம்ஹிதையிலும் உள்ளது. ‘இராவதீ’ என்று தொடங்கும் அந்த மந்த்ரத்தை நம்மில் அநேகர் நித்யம் அநுஸந்திக்கிறோம். விஷ்ணுவே, வானையும் நிலத்தையும் நீ பிரித்து நிறுத்தினாய். ப்ருதிவியை எல்லாப் பக்கமும் மயூகங்களால் தரித்தாய் என்பது அதன் கருத்து. அங்கே மயூகத்தைக் கிரணம் என்று கொள்வதைவிட, பாவு விரித்து நாற்புறமும் முளையறைந்து நிறுத்துவதாகக் கொள்வதே அந்த ஸூக்தங்களோடு ஒத்துப்போகிறது. அம்மந்த்ரத்தில் தரித்தலைச் சொல்லும் வினை ‘த்ரு’ தாதுவைச் சேர்ந்தது. அக்ஷராதிகரணத்தில் ஸூத்ரகாரர் வைத்த ‘த்ருதி’ என்ற சொல்லும் அதே தாதுவில் பிறந்தது. அந்தத் தரித்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அடுத்த ஸூத்ரம் ப்ரசாஸநத்தால் என்று விடை தருகிறது: ஆணையால். அந்த அக்ஷரத்தின் ப்ரசாஸநத்தில்தான் ஸூர்ய சந்த்ரர்களும் த்யாவாப்ருதிவிகளும் தரிக்கப்பட்டு நிற்கின்றன என்று யாஜ்ஞவல்க்யர் கார்கிக்குச் சொல்லி முடித்தார். அதன்பின் கார்கி ஸபையிலிருந்த ப்ராஹ்மணர்களைப் பார்த்து, இவரை வணங்கிவிட்டுப் போவதே உங்களுக்கு லாபம் என்று சொல்லிவிட்டு, கேள்வியை நிறுத்திக்கொண்டாள்.